குப்பைக் கட்டணம் உயரட்டும், ஆனால் நோய்க்கு வழி திறக்க வேண்டாம்

ரொறன்ரோ மாநகரசபையின் வரவு செலவுத் திட்டம் வரும்போதெல்லாம் குப்பைக் கட்டணமும் பேச்சுக்கு வருகிறது. எம்மவர் பலர் முகம் சுழிப்பது, ஸ்காபரோ போன்ற இடங்களில் உள்ள மாநகரசபை நிலையத்துக்கு வாகனத்தில் கொண்டுபோய்க் கொட்டும்போது நிறை பார்த்து அறவிடும் கட்டணத்தைப் பற்றித்தான். இதற்கும் மருத்துவப் பகுதிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிறையவே உண்டு.

முதலில் மாநகரசபையின் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வோன் நகரில் இருந்த கீல் வாலி குப்பைமேடு 2002 இறுதியில் மூடப்பட்டது. பின்னர் எமது குப்பை 2010 இறுதிவரை எல்லை தாண்டி மிச்சிகனுக்குப் போனது. 2007 இல் மாநகரசபை வாங்கிய கிறீன் லேன் நிலம் லண்டன் நகருக்கு அருகே, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அதுவும் 2035 அளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே கட்டணம் உயர்வதை நான் முற்றாக எதிர்க்கவில்லை. வியாபார நிறுவனங்களும் கட்டட ஒப்பந்தகாரரும் கூடுதலாகக் கட்டட்டும்.

ஆனால் வீட்டுக்காரர் விடயம் வேறு. கட்டணம் உயர்ந்தால் குப்பை மறைந்துவிடாது. எமது வீடுகளில் அது நிலவறைக்குள் இறங்குகிறது. அங்கேதான் அப்பம்மாவோ, புதிதாக வந்த வாடகைக் குடும்பமோ படுத்துறங்குகிறார்கள்.

2013 ஜூலை 8 அன்றும் 2024 ஜூலை 16 அன்றும் பெய்த பெருமழையில் இந்நகரின் பல நிலவறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்த பொருட்களில் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நனைந்த சுவர்ப்பலகையை உடனே உடைத்து அகற்ற வேண்டும். வீடு திருத்தும்போது வரும் இப்படியான கழிவை வழமையான குப்பை வண்டி ஏற்றாது. “பிறகு பார்ப்போம்” என்று மூலையில் சாத்தி வைத்தால் தொய்வு உள்ள பிள்ளைக்கு இரவெல்லாம் இருமலும் இழுப்பும்தான். மிச்சம் பிடித்த பணம் பம்புக்கும் மருந்துக்கும் போய்விடும்.

ஆகவே எனது கோரிக்கை இரண்டு. ஒன்று, வெள்ளம் வந்த வீடுகளின் கழிவுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பது கட்டணப் பட்டியலிலேயே எழுதப்பட வேண்டும். மழை வந்தபின் சபை கூடிப் பேசும் விடயமாக அது இருக்கக் கூடாது. இரண்டு, பழைய பெயின்ற், பூச்சிமருந்து, பற்றரி, பாதரசம் உள்ள குழல் விளக்கு போன்றவற்றை இன்று வீட்டுக்காரரிடம் இலவசமாக ஏற்கிறார்கள். எத்தனை பட்ஜெட் வந்தாலும் இதில் கைவைக்கக் கூடாது.

எமது பக்கத்திலும் கடமை உண்டு. காசில்லாமல் செய்யக்கூடியவற்றைக்கூட நாம் செய்வதில்லை. எமது சமூகத்தில் நீரிழிவு அதிகம், இன்சுலின் ஊசிகளும் அதிகம். அவற்றைக் குப்பைப் பையில் போட்டால் அதைத் தூக்கும் தொழிலாளியின் கையில் குத்தும். ஈரல் அழற்சி பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர்வாழும். குத்துப்பட்டவர் மாதக்கணக்கில் இரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டும். ஒன்ராறியோவில் பல மருந்தகங்கள் பாவித்த ஊசிகளையும் மிஞ்சிய மாத்திரைகளையும் இலவசமாகத் திரும்பப் பெறுகின்றன. மாத்திரைகளை மலகூடத்தில் கொட்ட வேண்டாம். அந்த நீர் போய்ச் சேரும் ஒன்ராறியோ ஏரியில் இருந்துதான் எமது குடிநீரும் வருகிறது.

பழைய மெத்தையைத் தனி வீடுகளில் குப்பை நாளன்று வாசலில் வைத்தால் மேலதிகக் கட்டணமின்றி எடுப்பார்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் பிளாஸ்ரிக் உறையால் இறுக மூடி வையுங்கள். யாரோ வீதியில் போட்ட மெத்தையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மாடிக் குடியிருப்பில் இருப்போர் கட்டடப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 311 ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன் உங்கள் மாநகரசபை உறுப்பினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். “கட்டணத்தைக் குறையுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், மேலே சொன்ன இரண்டையும் கேளுங்கள். அதற்கு முன், இந்த வார இறுதியில் ஒருமுறை உங்கள் நிலவறைக்குள் இறங்கிப் பாருங்கள்.