1 டிபி வாங்கினா 931 ஜிபிதான் காட்டுதா? மீதி எங்கே போச்சு?

வேப்பனப்பள்ளியில் ஒரு கல்யாண வீடியோகிராபர். கர்நாடகா பக்கமும் ஆந்திரா பக்கமும் ஆர்டர் எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் ஷூட் முடிந்து, கம்ப்யூட்டரில் மொத்த வீடியோ 950 ஜிபி என்று காட்டுகிறது. கிருஷ்ணகிரி போய் 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி வருகிறார். எப்படியும் 50 ஜிபி மிஞ்சும் என்று நம்பிக்கை. செருகிப் பார்த்தால் 931 ஜிபிதான். ‘இடம் போதவில்லை’ என்று மெசேஜ் வேறு. "கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்றுதானே முதலில் தோன்றும்?

இல்லை. டிஸ்க்கில் ஒரு பைட்கூட குறையவில்லை. குழப்பம் கணக்கில் இருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு கணக்கு

டிஸ்க் கம்பெனிகளுக்கு கிலோ என்றால் 1,000. அதன்படி 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸோ 1,024-ஆல் எண்ணுகிறது. அதற்கு 1 ஜிபி என்பது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட். வகுத்துப் பார்த்தால் வருவது 931.

1,024 எங்கிருந்து வந்தது? மெமரி சிப்பின் அடிப்படை 0, 1 என்ற இரண்டே நிலைகள். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அதையும் ‘கிலோ’ என்றே அழைத்துவிட்டார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான். ஜிகாவில் 7, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம்.

போன் பெட்டியைப் பாருங்கள்: ‘8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ்’. ரேம் 1,024 கணக்கு, ஸ்டோரேஜ் 1,000 கணக்கு. ஒரே வரியில் இரண்டு ஜிபி!

நயா பைசா சொல்லும் பாடம்

இதே சிக்கலை நம் நாடு முன்பே சந்தித்திருக்கிறது. பழைய ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 பைசா. 1957 ஏப்ரல் 1 முதல் 100 பைசா. இரண்டு பைசாவும் ஒன்றாகப் புழங்கிய காலத்தில் புதியதற்கு ‘நயா பைசா’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். பழக்கமான பிறகு, 1964-ல் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் உலகமும் முயன்றது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ல் 1,024 கணக்குக்கு ‘கிபி’, ‘மெபி’ என்று தனிப்பெயர்கள் தந்தது. விண்டோஸ் இன்றும் ‘ஜிபி’ என்றே காட்டுகிறது. ஆப்பிள் 2009-ல் மேக் கம்ப்யூட்டர்களை 1,000 கணக்குக்கு மாற்றிவிட்டது. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

அமெரிக்காவில் விவகாரம் கோர்ட்டுக்கே போனது. 2007-ல் சீகேட் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, 5 சதவீதப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இப்போது பல பெட்டிகளில் ‘1 ஜிபி = 100 கோடி பைட்’ என்ற குறிப்பு உண்டு. ஆனால் பொடி எழுத்தில்!

நம் கோரிக்கை எளிது. பெட்டியின் முன்பக்கத்திலேயே ‘1 டிபி, விண்டோஸில் 931 ஜிபி’ என்று பெரிதாகப் போடட்டும். காசு கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

அதுவரை ஒரு குறுக்குவழி: ஜிபி என்றால் 0.93-ஆல், டிபி என்றால் 0.91-ஆல் பெருக்குங்கள். விண்டோஸ் கிட்டத்தட்ட எவ்வளவு காட்டும் என்று கடையிலேயே தெரிந்துவிடும். 950 ஜிபி வீடியோவுக்கு 2 டிபி டிஸ்க்காகவே வாங்கிடுங்க!