சத்தம் இல்லைன்னா நல்ல சேதின்னு அர்த்தமா?

சொந்த சர்வர் வச்சுப் பொழைக்கிற நம்ம கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. நிமிஷத்துக்கு ஒருக்கா ஆப்பைத் திறந்து, விரலால கீழ இழுத்து, "ஏதாச்சும் வந்திருக்கா?"ன்னு பாக்கறது. வாசல்ல காலிங் பெல்லை மாட்டிட்டு, நாமளே கதவைத் திறந்து திறந்து பாத்தா பெல் எதுக்குங்க?

நெக்ஸ்ட்கிளவுடையே எடுத்துக்குவோம். 2016-ல ஓன்கிளவுட்ல இருந்து பிரிஞ்சு வந்த ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம். ஃபைல், காலண்டர், அரட்டை எல்லாத்தையும் வீட்டு மூலையில இருக்கற பொட்டியிலயே வச்சுக்கலாம். ஆனா ப்ளே ஸ்டோர்ல இருந்து இறக்கற ஆப்புக்கு அறிவிப்பு மட்டும் ஊரைச் சுத்திட்டுத்தான் வரும். நம்ம சர்வர்ல கிளம்பி, அவங்க புஷ் ப்ராக்சிக்குப் போய், அங்கருந்து கூகுளோட ஃபயர்பேஸுக்குப் போய், அப்புறம்தான் போனுக்கு.

உள்ள இருக்கற சேதியை நம்ம போனோட பொதுச்சாவியால பூட்டித்தான் அனுப்பறாங்க. அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனா யாருக்கு, எப்ப சேதி போச்சுங்கறது நடுவுல இருக்கறவங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு அரசுகள் கூகுள், ஆப்பிள்கிட்ட இந்த மாதிரி புஷ் விவரங்களைக் கேக்கறாங்கன்னு 2023 டிசம்பர்ல அமெரிக்க செனட்டர் ரான் வைடன் அந்த நாட்டு நீதித்துறைக்குக் கடிதமே எழுதினார்.

சரி, கூகுளே வேணாம்னு எஃப்-ட்ராய்ட் பக்கம் ஒதுங்கினா? அங்க மூடின லைப்ரரிக்கு இடமில்ல, அதனால ஃபயர்பேஸ் வழி அடைஞ்சுது. ஆப்பே அப்பப்ப முழிச்சு சர்வரைக் கேக்கட்டும்னா, ஆண்ட்ராய்டோட ஒர்க்மேனேஜர்ல திரும்பத் திரும்ப ஓடற வேலைக்குக் குறைஞ்சபட்ச இடைவெளியே 15 நிமிஷம். போன் சும்மா கிடந்தா, 2015-ல ஆண்ட்ராய்ட் 6-ல வந்த டோஸ் அதையும் தள்ளிப்போடும். போதாக்குறைக்கு, போன் கம்பெனிங்க தங்கள் பங்குக்கு வைக்கிற பேட்டரி சேமிப்பு வேற.

வழி இல்லாம இல்ல. யூனிஃபைடுபுஷ்னு ஒரு திறந்த நெறிமுறை இருக்கு. போன்ல ஒரே ஒரு ஆப் சர்வரோட இணைப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, மத்த ஆப்புங்களுக்கு எல்லாம் சேதியைப் பிரிச்சுக் குடுக்கும். அந்த சர்வரையும் நாமளே நடத்தலாம். டஸ்கி, எலிமென்ட் எல்லாம் இதை ஏத்துக்கிட்டாச்சு. எந்த வழியா வரணும்னு தேர்வு செய்யற உரிமை நமக்கு வேணும். இது முதல் கோரிக்கை.

ரெண்டாவது, என்னைக் கேட்டா இதுதான் முக்கியம்: ஆப் உண்மையைச் சொல்லணும். "புதிய அறிவிப்புகள் இல்லை"ன்னு காட்டுதே, நிஜமாவே இல்லையா, இல்ல ரெண்டு நாளா சர்வரையே தொடலையா? இந்த ரெண்டும் திரையில ஒரே மாதிரி இருக்கறதுதான் பெரிய ஆபத்து. ஆபீஸ்ல பொட்டி தட்டற எல்லாருக்கும் ஹார்ட்பீட் தெரியும். துடிப்பு நின்னா அதுவே அலாரம். அந்த பாடத்தை போனுக்கு மட்டும் ஏன் மறந்துடறோம்?

கடைசியா சர்வரைத் தொட்ட நேரம், வந்த வழி, பேட்டரி சேமிப்பு கழுத்தை நெரிக்குதாங்கற விவரம், கூடவே ஒரு "சோதிச்சுப் பார்" பட்டன். அவ்ளோதான். சோதனை புஷ் அனுப்ப சர்வர் பக்கம் கட்டளை இருக்கு, ஆனா டெர்மினல் நமக்குத்தான் தெரியும், நம்ம தங்கச்சிக்குத் தெரியாது. நெக்ஸ்ட்கிளவுட் டாக் ஆப்புல டயக்னோசிஸ்னு ஒரு பக்கம் வச்சிருக்காங்க. நல்ல ஆரம்பம். ஆனா செட்டிங்ஸ்ல தேடிப் போறவனுக்குத்தான் அது கிடைக்கும். சந்தேகம் வந்தவன்தானே தேடுவான்? துடிப்பு நின்னா முதல் திரையிலயே சொல்லணும்.

"சாதாரண ஆளுங்க குழம்பிடுவாங்க, பேட்டரி போயிடும்"னு சொல்வாங்க. ஒரு வரி எழுத்துக்கு எந்த பேட்டரியும் போகாது. குழம்பினவங்க கூட நம்மகிட்ட கேப்பாங்க. ஏமாந்தவங்க கேக்கறதில்ல, பேசாம பழைய இலவச சேவைக்கே திரும்பிடுவாங்க. அப்புறம் நம்ம சர்வர்ல நாம மட்டும் தனியா டீ ஆத்த வேண்டியதுதான் :-)

புது ஐகானும் டார்க் தீமும் மெதுவா வரட்டும். முதல்ல பெல் அடிக்கட்டும். அடிக்க முடியலைன்னா, அதையாவது சொல்லட்டும்.