பச்சை நெருப்பு



பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? 18 மீட்டர் நீளம்! சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது மண்ணில் புதைந்து கல்லாகிப் போன மரம். 1940-ல் புவியியல் அறிஞர் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை முதலில் பதிவு செய்தார். பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டினால் கிளிஞ்சல்களும் நத்தைகளும் கல்லாகவே கிடைக்கும். நம்ம ஊர் மண்ணிடம் ஒன்றைக் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளும். நஞ்சைக் கொடுத்தாலும் அப்படித்தான்!

சின்ன வயதில் நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். பழைய ஒயர்களைச் சேர்த்து, ஏரிக்கரையில் குவித்துக் கொளுத்துவோம். மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிந்துவிடும், உள்ளே செம்புக் கம்பி மிஞ்சும். பழைய இரும்புக் கடையில் போட்டால் ஐஸ் வாங்கக் காசு கிடைக்கும். நெருப்பு பச்சை பச்சையாக எரியும். பார்க்க அவ்வளவு அழகு! செம்பும், ஒயரின் பிளாஸ்டிக்கில் உள்ள குளோரினும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். அந்தப் புகையில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் இருக்கும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

'எரித்துவிட்டால் குப்பை ஒழிந்தது' என்றுதானே நினைக்கிறோம்? பேப்பர் எரியும், பிளாஸ்டிக் எரியும். ஆனால் காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் தனிமங்கள். நெருப்பால் அவற்றை அழிக்க முடியாது. கொஞ்சம் புகையோடு பறந்து பக்கத்து வயலில் படியும். மீதி சாம்பலில் கிடக்கும். மழை பெய்தால் சாம்பல் கரைந்து ஏரிக்கும் கிணற்றுக்கும் போகும்.

உத்தரப்பிரதேசத்தில் மொராதாபாத் என்று ஓர் ஊர். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போனது. அந்தத் தொழில் நலிந்ததும், பலர் பழைய கம்ப்யூட்டர், செல்போன் போர்டுகளை எரித்து உலோகம் எடுக்கப் போனார்கள். பாவம், வயிற்றுப்பாடு! சாம்பலை ராம்கங்கை ஆற்றில் அலசிச் சலித்தார்கள். டில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2015-ல் சோதித்தபோது, அங்கே மண்ணிலும் தண்ணீரிலும் கன உலோகங்கள் அளவு மீறி இருந்தன. ஆற்றங்கரையில் இந்தக் கழிவைக் கொட்டினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

சீனாவில் இதே தொழில் நடந்த குய்யூ என்ற ஊரில் 165 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 135 பேருக்குக் காரீயம் அப்போதைய வரம்பைத் தாண்டியிருந்தது. இது 2007-ல் வெளிவந்த ஆய்வு. காரீயம் மூளையைத் தாக்கும், படிப்பைக் கெடுக்கும். அதே மண்ணில் பெரியவர்களும்தானே நடக்கிறார்கள் என்கிறீர்களா? அவர்களைவிட உங்கள் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

செட்டிகுளம் சின்ன வெங்காயம் விளைவதும், கரைவெட்டி ஏரிக்குப் பறவைகள் வந்து இறங்குவதும் இந்த மண்ணையும் தண்ணீரையும் நம்பித்தான்.

ஒயர் உரிக்க மெஷின் இருக்கிறது. எரித்த செம்பைவிட உரித்த செம்புக்கு விலையும் கூடுதல்! பழைய சாமான் எடுக்க வருபவரிடம், "இதையெல்லாம் எங்கே கொண்டுபோவீங்க, எரிப்பீங்களா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய மின்னணுப் பொருள்களைப் பதிவு பெற்ற ஆலையில் மறுசுழற்சி செய்யவைப்பது, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் கடமை என்று 2022-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. புது டிவியோ செல்போனோ வாங்கும்போது, பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பரணில் ஏறிப் பாருங்கள். 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் பல வீடுகளில் தூங்குகிறது. தமிழகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். எக்ஸ் கதிர் நம்மேல் படாமல் தடுக்க அதன் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் கலந்திருப்பார்கள். பந்தடித்து உடைத்து விளையாட வேண்டாம். கண்ணாடி முழுசாக இருக்கும்வரை காரீயம் அதற்குள்ளேயே இருக்கும்.