ஸ்பார்ட்டாவின் தாய்மார் அழவில்லையா?

வீரத்தாய் என்றதும் மேடைப் பேச்சாளர்களுக்கு ஸ்பார்ட்டா நினைவுக்கு வந்துவிடுகிறது. வென்றால் கேடயத்தோடு, மாண்டால் அதன்மேல் பிணமாக மட்டுமே வீடு திரும்பவேண்டும் என்று மகனை அனுப்பிய தாயின் கதை சொல்லப்படும், கைதட்டலும் எழும். நாம் அக்கைதட்டலில் சேர மறுக்கிறோம்.

அக்கதையை நமக்குத் தொகுத்துத் தந்தவர் புளூட்டார்க். அவர் எழுதியது, ஸ்பார்ட்டாவின் வலிமை முறிந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர். அந்நகரில் ஆண்பிள்ளை ஏழு வயதிலேயே அரசின் பயிற்சிக்குச் சென்றாக வேண்டும்; அது தாயின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. கேளாமலே எடுத்துக்கொண்டதற்கு ஆதரவு என்று பெயரிடுவது எவ்வகை நேர்மை?

அக்காலத்திலேயே வாழ்ந்த செனபோன் வேறொன்றைக் கூறுகிறார். கி.மு. 371-இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டா தோற்றது. எஃபர்கள் எனப்பட்ட ஆட்சியாளர், மாண்டோரின் பெயர்களை உறவினர்க்கு அறிவித்தனர். பெண்கள் ஓலமிடாமல் மௌனமாகத் துயரைத் தாங்கவேண்டும் என்றும் கட்டளையிட்டனர். மறுநாள் மாண்டோரின் உறவினர் மலர்ந்த முகத்தோடு வெளியே நடமாடினராம். பேச்சாளர்கள் இம்மலர்ச்சியைப் போற்றுகின்றனர். முந்தின நாள் கட்டளையை மட்டும் விழுங்கிவிடுகின்றனர். அழாதவர்களைப் பார்த்து அழாதே என்று ஆணையிடுவார் உண்டோ?

ஏதென்ஸ் மென்மையான நகரம் என்பர். அங்கும் நிலைமை பெரிதும் வேறன்று. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூலின்படி, 18 வயது இளைஞர் இரண்டாண்டு பயிற்சி பெற்றனர். முதலாண்டு பிரேயஸ் துறைமுகத்தில் காவல். உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு நான்கு ஓபல் காசு. பின்னர் நாடக அரங்கில் மக்கள்முன் தம் திறனைக் காட்டி, அரசிடமிருந்து கேடயமும் ஈட்டியும் பெற்று எல்லைக் காவலுக்குச் சென்றனர். இவர்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்க, நாற்பது வயது கடந்தவர்களுள் தகுதியானோரைக் குலவாரியாகக் கூடி முன்மொழிந்தவர்கள் தந்தையர் மட்டுமே. இத்தனைக்கும் கி.மு. 451-இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாயும் ஏதென்ஸ் குடியில் பிறந்தவளாக இருந்தாலன்றி மகன் குடிமகனாக முடியாது. அவள் பிறப்பு வேண்டும். அவள் சொல் வேண்டாம்!

அதே பெரிக்கிளீஸ், பெலொப்பொனீசியப் போரின் முதலாண்டில் மாண்டோர்க்கு ஆற்றிய இரங்கலுரையைத் துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெற்றோர் இன்னும் மக்களைப் பெற்று ஆறுதல் கொள்ளலாம். நகரின் ஆள்வலிமைக்கும் அது நன்று என்கிறார். கைம்பெண்களுக்கோ, ஆடவர் நாவில் இயன்றவரை அடிபடாதிருப்பதே பெருமை என்கிறார். தாய்மார்க்கெனத் தனியே ஒரு சொல்லும் அவ்வுரையில் இல்லை.