தாக்குதல் நின்றால் போதுமா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றதும் எல்லோரும் எண்ணுவது தாக்குதல்களைத்தான். நோய் எதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. கண் மங்குகிறது, கால் மரத்துப்போகிறது. ஸ்டெராய்டு ஏற்றினால் பலர் ஓரளவு தேறிவிடுகிறார்கள். அடுத்த தாக்குதலைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் எவ்வளவு நடப்பார் என்பதைத் தாக்குதல்களின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. உடலின் வயதுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அதைக் கணக்கில் எடுக்காத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான்.

பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்டியன் கான்ஃபாவ்ரோவின் குழு 1,844 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுவான சான்று. சிலருக்கு நோய் தாக்குவதும் தணிவதுமாகத் தொடங்கியிருந்தது. சிலருக்கு முதலிலிருந்தே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் நடை குறையத் தொடங்கியது சுமார் 44 வயதில், கைத்தடி தேவைப்பட்டது 55 வாக்கில், வீட்டுக்குள் முடங்கியது 63 வாக்கில். இரு சாராருக்கும் இந்த வயதுகளில் பெரிய வேறுபாடு இல்லை. அது பழைய காலத்துக் கணக்கு, இப்போதுதான் மருந்து வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்துகள் அந்த வயதுகளைத் தள்ளிப்போட்டிருக்கின்றன என்றே நானும் நம்புகிறேன். ஆனால் ஆக்ரலிசுமாப் மருந்துச் சோதனைகளின் தரவுகளை 2020-இல் மீண்டும் அலசியபோது, சிகிச்சையில் இருந்தவர்களுக்கு ஏற்பட்ட இயலாமையில் பெரும்பகுதி எந்தத் தாக்குதலும் இல்லாமலேயே வந்திருந்தது. புதிதாக எதுவும் வரவில்லை என்று நிம்மதியாக இருப்பவருக்குக் காலிலிருந்து செருப்பு தெரியாமலே நழுவுகிறது. படியின் விளிம்பில் கால் விரல் இடறுகிறது. இதைத் தாக்குதல் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

உள்ளே நடப்பது என்ன? இளம் மூளை சிதைந்த மயலினை ஓரளவு தானே புதுப்பித்துக்கொள்கிறது. வயது ஏற ஏற, அதைச் செய்யும் முன்னோடி செல்கள் சோர்ந்துவிடுகின்றன. உறை இழந்த நரம்பிழைகள் மெல்ல மடிகின்றன. சிறு வயதில் நோய் வந்தவர்கள் கைத்தடி நிலையை எட்டப் பல ஆண்டுகள் கூடுதலாக ஆகிறது என்பது இதோடு பொருந்துகிறது. ஆனால் வயது என்ற எண் மட்டுமே விதி என்று சொல்லிவிட முடியாது. அதே பிள்ளைகள் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

வயதை மாற்ற முடியாதே, பேசி என்ன பயன் என்பவர்களுக்கு என் பதில் இது: பிறந்த தேதியைத்தான் மாற்ற முடியாது. 2010-இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், நோய் கண்டறிந்தபோது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயக் கோளாறு போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தவர்கள், இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 6 ஆண்டுகள் முன்பே நடக்கத் துணை தேடினார்கள். புகைப்பதும் வேகத்தைக் கூட்டுகிறது. 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வீட்டுக்கு வீடு தெரிந்த சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் கிழட்டு எலிகளின் முன்னோடி செல்களுக்கு மீண்டும் திறன் தந்ததைக் கண்டார்கள். எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று நம்பி யாரும் தாமாக விழுங்கிவிடக் கூடாது. ஆனால் மயலின் பழுதுபார்ப்பை மீட்க வழி தேடலாம் என்பதற்கு இது தக்க காரணம்.

தாக்குதல் இல்லாமலே இயலாமை கூடுகிறது என்றால், 55-ஐக் கடந்தவர்கள் தாக்குதலைத் தடுக்கும் மருந்தை நிறுத்திவிடலாமா? அமெரிக்காவில் அந்த வயதினரிடமே சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். நிறுத்துவது தொடர்வதற்கு இணையாகப் பாதுகாப்பானது என்று அதில் நிரூபணமாகவில்லை. இப்படிப்பட்ட சோதனைகள் மிக அரிது. பெரும்பாலான மருந்துச் சோதனைகள் 55 வயதிலேயே கதவைச் சாத்திவிடுகின்றன. இயலாமை கூடும் வயதில் இருப்பவர்களை வெளியே நிறுத்திவிட்டு இயலாமைக்கு மருந்து தேடுவது பெரிய தவறு. அந்த வரம்பு நீங்க வேண்டும். அதுவரை, உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த நோய் இருந்தால், ஸ்கேனில் புதுப் புள்ளி இல்லை என்ற சொல்லோடு எழுந்து வந்துவிடாதீர்கள். 25 அடி நடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அன்றே பாருங்கள்.