குதிரையும் கையெழுத்தும்

தன் குதிரைமேல் ஏறித் தானே விழுந்தவன் விதியை நோவான். பிறர் குதிரைமேல் ஏறி விழுந்தவன் வக்கீலைத் தேடுவான். இவ்விரண்டுக்கும் நடுவே எவ்வளவு சட்டமும் எவ்வளவு சங்கடமும் இருக்கின்றன என்பதைக் கெலவரப்பள்ளியில் நாம் கண்டறிந்தோம்.

ஓசூருக்கு அருகே, தென்பெண்ணையின் குறுக்கே அணை கட்டியிருக்கும் ஊர் அது. அந்தப் பிரதேசத்துக்குக் குதிரை புதிதன்று. பக்கத்திலுள்ள மத்திகிரிக் கால்நடைப் பண்ணையே, 1824-ஆம் வருஷத்தில் கும்பெனியாரின் பட்டாளத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஏற்பட்டதுதான். பட்டாளம் போயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பெங்களூரிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. தோட்டக்காரர் ஒருவர் ஆசைக்கு ஒரு குதிரை வைத்திருந்தால், குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்புவார்களா?

நம் பள்ளிப் பிள்ளைகள் 22 பேரை அணை காட்ட அழைத்துச் சென்றிருந்தோம். கரையோரத் தோட்டத்துக்காரர் நல்ல மனிதர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். "பிள்ளைகள் ஆளுக்கொரு சுற்று ஏறிப் பார்க்கட்டும், ஸார், காசு வேண்டாம்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டினார். 'விழுந்தாலும் அடிபட்டாலும் தோட்டக்காரர் பொறுப்பாளி அல்லர்' என்பது அதன் சாரம். 22 பிள்ளைகளுக்கும் சேர்த்து நாம் கையெழுத்திட வேண்டுமாம்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. உபகாரம் செய்யப் போய்க் கோர்ட்டுப் படி ஏற யாருக்குத்தான் விருப்பம்? ஆனால் அந்தக் காகிதம் அவரை உண்மையில் காக்குமா? அதுதான் கேள்வி.

முதலாவதாக, நம் கையெழுத்து பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று பிரிவி கௌன்ஸில் 1903-இலேயே தீர்ப்புக் கூறிவிட்டது. குழந்தை தானே விட்டுக்கொடுக்க இயலாத உரிமையை, ஒருநாள் உல்லாசப் பயணத்துக்கு அழைத்து வந்த உபாத்தியாயர் விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

இரண்டாவதாக, வயது வந்தவர்களின் விஷயம். அபாயத்தை அறிந்து மனமார ஏற்றவன் பின்னர் நஷ்டஈடு கேட்கலாகாது என்பது பழைய நீதி. ஆனால் 'அறிந்து' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. குதிரை துள்ளும், குலுக்கும் என்பது எவரும் அறிந்தது. சேணத்தின் வயிற்றுப் பட்டை இற்றுப் போயிருப்பதை ஏறுகிறவன் எங்ஙனம் அறிவான்? அது குதிரையின் குணம் அன்று; உடையவரின் அஜாக்கிரதை.

காசு வாங்கவில்லையே என்றால், நுகர்வோர் சட்டத்தின் கையில் அகப்படாமல் தப்பலாம். இலவச சேவையை அச்சட்டம் கணக்கில் கொள்வதில்லை. ஆனால் அஜாக்கிரதைக்காக ஸிவில் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியது இலவசத்தினால் நீங்காது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய ஸன்ஹிதையின் 291-ஆவது பிரிவோ, தம் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு அபாயம் நேராதபடி போதிய ஜாக்கிரதை எடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

இத்தகைய நஷ்டஈட்டு விஷயங்களுக்கு நம் தேசத்தில் முழுமையாக எழுதப்பட்ட ஒரு சட்டம் இன்னும் இல்லை. 1886-இல் ஸர் பிரெடரிக் போலாக் இந்தியாவுக்காக ஒரு மசோதா எழுதிக் கொடுத்தார். அது சட்டமாகவே இல்லை. ஆங்கிலேயர் தம் நாட்டில் பிராணிகளின் பொறுப்புக்கென 1971-இல் தனிச் சட்டமே இயற்றிக்கொண்டனர். வியாபாரம் நடத்துகிறவர் தம் அஜாக்கிரதையால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் 'பொறுப்பில்லை' என்று எழுதி வாங்கினால் செல்லாது என்று 1977-இல் விதித்தனர். நாமோ அவர்கள் விட்டுச் சென்ற பழைய தீர்ப்புக்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். சுதந்திர தேசத்துக்கு இது அழகன்று.

அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யம் 1989-இல் தொடங்கி வைத்து, பெரும்பாலான ராஜ்யங்கள் குதிரைக்காரரைக் காக்கச் சட்டம் செய்திருக்கின்றன. அங்கேயும், பழுதென்று தெரிந்த சேணத்தைக் கொடுத்தவருக்கும், ஏறுபவரின் திறமையை விசாரியாமல் ஏற்றிவிட்டவருக்கும் அந்தப் பாதுகாப்புப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

இவை வெறும் ஏட்டு விவகாரம் அல்ல. 2018 ஜனவரியில் பம்பாய் கூப்பரேஜ் தோட்டத்தில், விளையாட்டுச் சவாரி சென்ற 6 வயதுச் சிறுமி ஒருத்தி குதிரையிலிருந்து விழுந்து உயிர் நீத்தாள். அந்தப் பெற்றோருக்கு எந்தக் காகிதம் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

பேனாவை மூடிவிட்டுத் தோட்டக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டோம்: "இந்தக் குதிரை எதைக் கண்டாவது மிரளுமா?"

அவர் சிரித்தார். "மற்றபடி பசு மாதிரி, ஸார். அணை நுரை காற்றில் பறந்து வந்தால் மட்டும் கொஞ்சம் மிரளும்."

பெங்களூர்க் கழிவு கலந்து தென்பெண்ணை வெள்ளை வெளேரென்று நுரைத்து வருவதைப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். அந்த நுரை தோட்டத்து வேலி வரையில் வந்து கிடந்தது. காகிதத்தில் இருபது வரி இருந்தன. நுரையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏறுகிறவர் அறிய வேண்டிய ஒரே சங்கதி உடையவரின் மனத்தோடு நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே அன்று.

அவரும் யோசித்தார். அன்று பிள்ளைகள் குதிரைக்குப் புல் கொடுத்துத் தடவிப் பார்த்ததோடு திரும்பினார்கள். சிலருக்கு நம்மீது கோபம்.

ஒரு மாதம் கழித்து அவரே சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தோம். சேணத்துக்குப் புதிய பட்டை. சிறுவர் தலைக்கேற்ற இரண்டு தலைக்கவசங்கள். கரைக்கு எதிர்ப்புறத்தில் வேலியிட்ட மண் திடல். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க ஓர் ஆள். நுரை பறக்கும் நாளில் சவாரி இல்லை என்று பலகையில் எழுதியிருந்தார். இன்ஷூரன்ஸுக்கும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"காகிதம் எங்கே?" என்றோம்.

"இருக்கிறது, ஸார். நுரையையும் அதில் சேர்த்துவிட்டேன். அதைப் படித்துப் பார்த்துப் பெற்றோர் சம்மதித்தால்தான் ஏற்றுவேன்" என்றார்.

பெற்றோரின் கடிதங்கள் நம் பையில் இருந்தன. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.