எந்த ஏடு என்று கேட்போர் எந்தத் தொகுப்பி என்று கேட்பதில்லை

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தாம் ஒப்பிட்ட ஏட்டுப் பிரதிகளின் விவரத்தை முகவுரையில் தந்தார். கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெற்றிடமாகவே நிற்கிறது. பதிப்பாய்வில் ‘எந்தப் பிரதி?’ என்ற கேள்விக்கு விடை சொல்லாத ஆய்வேடு தேறாது. ஆனால் அதே தமிழாய்வு உலகில் ஒருவர் உருபன் பகுப்பான் ஒன்றை உருவாக்கி, அதன் துல்லியம் இத்தனை விழுக்காடு என்று எழுதினால், அது எந்த லினக்ஸ் வெளியீட்டில், எந்தத் தொகுப்பியில், எந்த நிரலகங்களைச் சார்ந்து ஓடியது என்று எவரும் கேட்பதில்லை. இந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று சொல்ல இயலாது. இது ஆய்வறத்தின் குறை.

நிரல் கல்வெட்டன்று, அதைச் சுற்றியுள்ள தளம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பொது மாறியைத் தலைப்புக் கோப்பில் அறிவித்துப் பல கோப்புகளில் சேர்த்துக்கொள்ளும் பழைய சி நிரல்கள் ஜிசிசி 9 வரை தடையின்றி இணைந்தன. 2020இல் வந்த ஜிசிசி 10 அவற்றை இயல்பாகவே நிராகரிக்கிறது. முன்கூட்டி அறிவிக்காமல் அழைக்கப்படும் செயற்கூறுகளை நெடுங்காலம் எச்சரிக்கையோடு விட்டுவைத்த அதே தொகுப்பி, 2024இல் வந்த 14ஆம் பதிப்பில் அவற்றைப் பிழையாக்கிவிட்டது. 2019இல் வெளியான டெபியன் 10இல் இருந்தது ஜிசிசி 8. 2025இல் வெளியான டெபியன் 13இல் இருப்பது ஜிசிசி 14. இடைப்பட்டது ஆறே ஆண்டுகள். ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆகும் காலம்தான் அது. பதிவு செய்த ஆண்டில் ஓடிய கருவி வாய்மொழித் தேர்வு நாளில் ஓடாமல் போவதில் வியப்பில்லை.

நின்றுபோகும் நிரலைவிட ஆபத்தானது, நிற்காமல் வேறு விடை தரும் நிரல். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை எண்ணும் ஒரே வரி, யூடிஎஃப்-8 கோப்பில், பைத்தான் 2இல் 15 என்றும் பைத்தான் 3இல் 5 என்றும் விடை தரும். முன்னது பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. தமிழ் இலக்கணம் எண்ணும் எழுத்துகளோ மூன்று. இந்த எண்ணிக்கையின்மேல் கட்டிய சொல்நீளப் புள்ளிவிவரம் எதைச் சொல்கிறது என்பது பதிப்பெண் தெரியாமல் விளங்காது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அகரவரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றியது. தரவுத்தளங்களின் சுட்டுவரிசைகளே குலைந்தன. அகராதியியலாளருக்கு இது பொருட்டில்லாத செய்தியா?

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. ‘ஆய்வாளர் மொழியியலாளர், பொறியாளர் அல்லர்’ என்பது முதலாவது. சுவடியியலாளரும் பனையோலை செய்பவர் அல்லர். ஆயினும் எந்த ஓலை என்று குறிக்கிறார். ‘பழைய கணினியை மேம்படுத்தாமல் வைத்திருக்கிறோம்’ என்பது இரண்டாவது. ஒரே அறையில், ஒரே வன்வட்டில் மட்டும் உயிர்வாழும் முடிவு பிறர் சோதிக்க இயலாத முடிவு. அதை அறிவியல் என்பதற்கில்லை. ‘டாக்கரில் பொதிந்துவிட்டோம்’ என்பது மூன்றாவது. பதிப்பெண் இல்லாமல் ‘இதை நிறுவுக’ என்று மட்டும் சொல்லும் செய்முறைக் கோப்பு, நாளை வேறொன்றை நிறுவும். அல்லது எதையுமே நிறுவாது. 2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் முடிந்து, அதன் பொதிகள் பழைய முகவரியிலிருந்து காப்பகத்துக்குப் போனபின், அம்முகவரியை நம்பிய செய்முறைகள் கையை விரித்தன.

இந்த அலட்சியத்தின் விலையைக் கொடுப்பவர் நெறியாளர் அல்லர். மயூர் விஹாரிலோ முனீர்க்காவிலோ வாடகை அறையில், ஒற்றை மடிக்கணினியோடு அமர்ந்து, முன்னவர் செய்த கருவியோடு தம் கருவியை ஒப்பிட முயலும் மாணவர்தான் கொடுக்கிறார். தொகுப்பி கக்கும் பிழைகளோடு வாரக்கணக்கில் மல்லாடிவிட்டு, இறுதியில் முன்னவரின் விழுக்காட்டை அப்படியே மேற்கோள் காட்டுகிறார். சோதிக்கப்படாத எண் இவ்வாறு ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்கு ஏறி மரபாகிவிடுகிறது.

ஆய்வேட்டின் மின்படியை இன்ஃப்லிப்நெட்டிடம் அளிக்கவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கிறது. சோத்கங்காவில் அது காக்கப்படுகிறது. அந்த ஆய்வேட்டின் முடிவைத் தந்த நிரலுக்கு அத்தகைய காப்பு இல்லை. உரை வாழ்கிறது, சான்று சாகிறது.

வேண்டுவது பெருஞ்செலவன்று, பின்னிணைப்பில் ஒரு பக்கம்: வழங்கலின் பெயரும் வெளியீடும், தொகுப்பியின் பதிப்பு, ஒவ்வொரு நிரலகமும் அதன் பதிப்பெண்ணும், கட்டிய நாள். 2005 முதல் டெபியன் பொதிகளை நாள்வாரியாகக் காக்கும் ஸ்னாப்ஷாட் காப்பகம் இருக்கிறது. மூலநிரலை வைக்க சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் இருக்கிறது. அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் பின்வருபவர் அன்றைய தளத்தை மீண்டும் எழுப்பிவிடலாம். புறத்தேர்வாளர் அதைக் கேட்கட்டும். அது இல்லாத ஆய்வேட்டைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பட்டும். ‘ஓடியது’ என்பது சாட்சியம் மட்டுமே; அதைச் சான்றாக்குவது மறுபடி ஓட்டிக்காட்டும் வழி.